கடன் கொப்பியும் கைத்தொலைபேசியும்

தீவுப்பகுதி மக்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. அவர்களை எந்த ஊரிலே கொண்டுபோய் இறக்கிவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் ஒரு கடை போட்டுவிடுவார்கள் என்பதே அது. பகிடியாகச் சொல்லப்பட்டாலும் இதில் உண்மை இருக்கின்றது. சரவணை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலிருந்து சென்ற எமது பாட்டன்மார் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும், பெயரே கேள்விப்படாத சிறு சந்திகளிலும்கூட சுருட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார்கள். உவர் நீரும் சிறிய தோட்டத் துண்டும் ஒரு குடும்பத்துக்குப் போதாமற் போனபோது, ஊரிலே பெண்கள் புகையிலையையும் வெங்காயத்தையும் பார்த்துக்கொள்ள ஆண்கள் தெற்கே கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கடைகளிலே விளம்பரம் என்று ஒன்றும் இருக்கவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடன் கொப்பி இருந்தது. அதில் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாத பகுதி முதலாளியின் மனத்தில் இருந்தது. இந்த வீட்டில் நெல் வெட்டு எப்போது, அந்தத் தோட்டத்தில் சம்பள நாள் எது, யாருடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது, யார் வீட்டில் செத்தவீடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிங்களம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததன்று. வாங்க வந்தவர்களோடு பேசிப் பேசியே வந்தது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களில் இக்கடைகளிற் பல எரிந்தன. எரித்தவர்களுள் அந்தக் கொப்பியில் பெயர் இருந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் கடைக்காரரைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களைப் பற்றியும் எமது முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பழக்கம் எல்லாவற்றையும் தாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எரிந்த கடைக்குப் பிறகு திரும்பவும் தொழில் தொடங்கியவர்களுக்கு, மிஞ்சியிருந்த முதல் அந்தப் பழக்கம் ஒன்றுதான் என்பதையே சொல்லுகிறேன்.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கடை போடுகிறார்கள். ஒடியல் மாவும் பனங்கட்டியும் பனாட்டும் மிளகாய்த்தூளும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விலை பேசப்படுகின்றன. வாழ்வாதாரப் பயிற்சிப் பட்டறைகளில் இதைப் படிப்பிக்கவும் செய்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அதனோடு சேர்த்து வேறொன்றும் வந்துகொண்டிருக்கின்றது. “நீங்கள் ஒருவரோடும் பேசத் தேவையில்லை, இயந்திரமே ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும், இயந்திரமே பதிலும் சொல்லும், பத்தாயிரம் பேர் உங்களைப் பின்தொடர்வதாகக் காட்டலாம், மாதம் இவ்வளவு பணம் கட்டுங்கள்” என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பம், அதுவும் நுண்கடன் எடுத்துத் தொழில் தொடங்கிய குடும்பம், இந்தப் பணத்தைக் கட்டலாமா என்பதுதான் கேள்வி. கட்டவேண்டாம் என்பது எனது கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாறாத ஒரே முகவரி

சரவணையிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். 1990 இல் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை. சட்டி பானையோடு யாழ்ப்பாண நகரப் பக்கம், உறவினர் வீட்டுத் திண்ணை. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், இலட்சக்கணக்கானவர்களோடு தென்மராட்சி. பிறகு கிளாலி கடந்து கிளிநொச்சி. 1996 இல் அங்கிருந்தும் எழும்பி மல்லாவிப் பக்கம். 2009 இல் மெனிக் பாம் முகாம். கடைசியில் மீண்டும் கிளிநொச்சியில் ஓர் அரை ஏக்கர். சரவணையிலுள்ள காணியில் பனைகள் நிற்கின்றன. வீட்டின் சுவர் மட்டும் நிற்கின்றது. இது கற்பனைக் குடும்பந்தான். ஆனாலும் இதை வாசிக்கும் பலர் இடையில் ஓர் ஊரின் பெயரை மாற்றி வாசித்தால் தங்கள் கதையாகவே இருக்கும்.

ஒவ்வோர் இடப்பெயர்விலும் அந்தக் குடும்பத்தின் முகவரி செத்தது. தபாற்காரனுக்கு அவர்களைத் தெரியாது. 1990 முதல் பல ஆண்டுகள் தொலைபேசியும் இல்லை. லண்டனிலோ பாரிசிலோ இருந்த மைத்துனருக்கு இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே மாதக்கணக்கிற் தெரியாது. இன்று அவர்களுக்கு மாறாத முகவரி ஒன்று முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. அது கைத்தொலைபேசி இலக்கம். வீடு மாறினாலும் அது மாறுவதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவும் சுண்டிக்குளியில் இருக்கும் பழைய ஆசிரியையும் அதே இலக்கத்துக்குத்தான் எடுக்கிறார்கள்.

மொத்தமாகச் செய்தி அனுப்பும் இயந்திரம் முதலிற் கைவைப்பது இந்த முகவரியிலேதான். வட்ஸ்அப் நிறுவனம் இவ்வாறு மொத்தமாகவும் இயந்திரம் மூலமாகவும் அனுப்பும் கணக்குகளை அடையாளங்கண்டு மூடிவிடுகின்றது. மாதந்தோறும் ஏறத்தாழ 20 இலட்சம் கணக்குகளை மூடுவதாக 2019 இல் அந்நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் இவ்வாறு செய்வோர்மீது சட்ட நடவடிக்கையும் எடுக்கப்படும் என்று கூறியது. ஆயிரம் பேருக்கு ஒடியல் மா விளம்பரம் அனுப்பியதற்காக அந்த இலக்கத்தில் வட்ஸ்அப் மூடப்பட்டால், அதனோடு சின்னம்மாவின் தொடர்பும் போகின்றது. பெரிய கம்பனிக்கு இது ஒரு இலக்கம். எமக்கு அது முப்பது வருட அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த வாசற்படி.

இன்னொன்றும் உண்டு. இந்த இயந்திரங்களை இயக்குவதற்கு உங்கள் வட்ஸ்அப் கணக்கைத் தங்கள் கணினியோடு இணைக்கும்படி கேட்பார்கள். திரையிலே சதுரக் குறியீடு ஒன்றைக் காட்டிப் படம்பிடிக்கச் சொல்வார்கள். அல்லது உங்களுக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைச் சொல்லும்படி கேட்பார்கள். அதைக் கொடுத்தால் உங்கள் உறவினர், வாடிக்கையாளர் அனைவரது இலக்கங்களும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகின்றன. பிறகு உங்கள் பெயரில் “அவசரமாகக் காசு வேணும், அனுப்பிவிடுங்கோ” என்று செய்தி போகும். காலியில் கடை வைத்திருந்த பாட்டனார் தனது கடன் கொப்பியைத் தெருவாற் போனவனிடம் கொடுத்திருப்பாரா?

எண்ணிக்கை என்னும் மாயை

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அவர்கள் ஆட்களே அல்லர். 2019 இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் முகநூல் நிறுவனம் 220 கோடி போலிக் கணக்குகளை நீக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் போலிப் பின்தொடர்பவர்களை விற்பதும் வாங்குவதும் 2024 இல் கொண்டுவரப்பட்ட விதியொன்றினால் தடைசெய்யப்பட்டுள்ளது. பத்தாயிரம் போலிக் கணக்குகளும் சேர்ந்து ஒரு இறாத்தல் பனங்கட்டி வாங்கப்போவதில்லை. மேலும், நண்பர்களும் உறவினர்களும் தமக்குள் உரையாடும் பதிவுகளுக்கே முன்னிடம் தருவதாக முகநூல் 2018 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே, பத்துப் பேர் உண்மையாகப் பேசும் ஒரு பதிவு, ஆயிரம் விரல் அடையாளங்களோடு ஊமையாகக் கிடக்கும் பதிவைவிடத் தூரம் போக வாய்ப்புண்டு.

வட்ஸ்அப்பிலே எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவதற்கு ஒரு பட்டியல் அமைக்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் பெயரோடு பதிந்து வைத்திருப்பவருக்கு மாத்திரமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அவர் உங்களை ஏற்கனவே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததோடு நிற்காமல் பெயர் எழுதியும் வைத்திருக்க வேண்டும். யோவான் நற்செய்தியில் வரும் ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவை அவன் குரலை அறிந்திருக்கின்றன. அமெரிக்கக் கம்பனிக்காரர் அதை நினைத்து இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள். வந்து சேர்ந்திருப்பதோ ஏறத்தாழ அந்த இடத்துக்குத்தான்.

256 என்பது குறைவென்று தோன்றலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஒரு பருவத்தில் எவ்வளவு ஒடியல் செய்ய முடியும்? ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தைப் பொறுக்கி, பாத்தி போட்டு, தை மாசியில் கிழங்கு கிண்டி, தோலுரித்து, கிழித்து, வெயிலிற் காயவிட்டு, இடித்து அரித்து எடுப்பது எத்தனை பேருடைய உழைப்பு! இதிலே கிடைக்கும் மாவை வாங்க ஆயிரம் பேர் தேவையில்லை. தவறாமல் வாங்கும் நாற்பது வீடுகள் போதும். இல்லாத மாவுக்கு ஆயிரம் பேரிடம் ஓடர் கேட்டுவிட்டு, பிறகு வெளியில் வாங்கிய மாவைக் கலந்து அனுப்பிப் பெயர் கெட்டவர்களை நாம் அறிவோம்.

நாற்பது வீடுகள்

அந்த நாற்பது வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாகத் தேடவேண்டியதில்லை. ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழு, பழைய மாணவர் குழு, பங்கு மக்கள் குழு, கோயிற் குழு என்று சிதறிப்போன சரவணையும் வேலணையும் அங்கே ஏற்கனவே கூடியிருக்கின்றன. மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் அங்கேதான் வருகின்றன. ஆனால் அந்தக் குழுக்களுக்குள் நுழைந்தவுடன் விலைப்பட்டியலைப் போடக்கூடாது. செத்தவீட்டுக்குப் போனவர் முற்றத்தில் கடை விரிப்பதற்கு அது சமம். இயந்திரம் இதைத்தான் செய்கிறது. தாயாரை இழந்த ஒருவருக்கு, அந்தியேட்டிக் கிரியைகூட முடியாத நிலையில், “அன்பார்ந்த வாடிக்கையாளரே, எமது தரமான பனை உற்பத்திகள் பத்து வீதக் கழிவுடன்” என்று அதிகாலையிலே செய்தி போனால் அவர் என்ன நினைப்பார்? இயந்திரத்தை அவர் கோபிக்க மாட்டார். அனுப்பிய குடும்பத்தின் பெயரைத்தான் அழிப்பார்.

மாறாக, ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மாமி, போனமுறை அனுப்பின மா கொஞ்சம் கயர்த்ததெண்டு சொன்னியள். இந்தமுறை ரெண்டு வெயில் கூடக் காயவிட்டனாங்கள். கூழுக்கு வைக்க முதல் ஊறவிட்டு இறுத்துப்போட்டுப் போடுங்கோ. அம்மான்ரை முழங்கால் நோ இப்ப எப்பிடி?” இதை எழுத மூன்று நிமிடம் செல்லும். நாற்பது பேருக்கு இரண்டு மணித்தியாலம். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் செலவிட முடியாத விவசாயி யார்? குரற்பதிவாக அனுப்பினால் அதுவும் தேவையில்லை. எழுதப் பழகாத ஆச்சிமாருக்கு இது பெரிய வசதி. அவர்களது குரலைக் கேட்டுத்தான் வெளிநாட்டிலுள்ளவர்கள் மனம் இளகுகிறார்கள். இங்கே குறிப்பிடப்படவேண்டியது, கயர்ப்பு என்று மாமி சொன்ன குறையை விற்றவர் நினைவில் வைத்திருப்பதாகும். முறைப்பாடு சொன்ன வாடிக்கையாளரே மிகவும் பெறுமதியானவர். தயாராக வைத்த ஒரே பதிலை அனுப்பும் இயந்திரம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அதே மாவைத் திரும்பவும் அனுப்பும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கூரியர் கூலி பல வேளைகளில் பொருளின் விலையையும் மிஞ்சுகிறது. ஆகவே உண்மையான சந்தை அங்கேயன்று, இங்கேயே இருக்கிறது. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஆடி, ஆவணி. மடுத் திருவிழா ஆகஸ்ட் 15. நல்லூர்த் திருவிழாவும் அதையொட்டியே வருகிறது. ஊருக்கு வருபவர் திரும்பும்போது பெட்டியில் பத்துக் கிலோ கொண்டுபோவார். மாசியில் இடித்த மாவை ஆவணி வரை ஈரம் படாமல் வைத்திருப்பது ஒரு வேலை. மாசியிலிருந்து ஆவணி வரை அந்த உறவை ஈரம் காயாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. கிழங்கு கிண்டும்போது ஒரு படம், காணியில் நிற்கும் பழைய பனையின் படம், மழை பெய்ததா இல்லையா என்ற செய்தி, இவையே போதும். விலை பேசாத மாதங்களிலும் பேசவேண்டும்.

வெங்காயக்காரருக்கு இந்தக் கதை முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். வெங்காயம் ஆவணி வரை காத்திராது. அவருக்குத் தேவை, திருநெல்வேலிச் சந்தையிலும் தம்புள்ளையிலும் காலை விலையை உள்ளபடி சொல்லும் நான்கைந்து ஆட்கள். அந்த நால்வரையும் சம்பாதிக்கும் வழியும் பேச்சுத்தான்.

பரிதாபமும் பாதுகாப்பும்

வெளிநாட்டு உறவுகளிடம் விற்கும்போது வேறொரு சோதனை வருகிறது. கணவனை இழந்த பெண்ணின் படத்தையும், ஓலைக் குடிசையின் படத்தையும் போட்டு, கண்ணீரோடு விற்பனை செய்யச் சில நிறுவனங்கள் ஊக்குவிக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பரிதாபப்பட்டு வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். பையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். மா நன்றாயிருக்கிறது என்று வாங்குபவர் அடுத்த வருடமும் கேட்பார். அத்தோடு, அந்தப் பெண்ணின் படம் யார் யார் கைக்குப் போகிறது என்பதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண் தனது இலக்கத்தை முகநூலில் எல்லோருக்கும் தெரியப் போட்டால், இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புகள் ஒடியல் கேட்டு வருவன அல்ல. அறிந்தவர்கள், அறிந்தவர்களால் அறிமுகப்படுத்தப்பட்டவர்கள் என்று சிறு வட்டமாகத் தொடங்குவது வியாபாரத்துக்கு மட்டுமல்லாமல் அவரது பாதுகாப்புக்கும் உகந்தது.

சிறு வட்டம் என்பது திருச்சபையின் அபிவிருத்திப் பணிக்குப் புதியதன்று. கனடாவின் அன்ரிகோனிஷ் என்ற ஊரில் அருட்தந்தை மோசஸ் கோடி 1928 முதல் ஏழை மீனவரையும் விவசாயிகளையும் வீட்டு அடுப்படிகளிற் சிறு சிறு குழுக்களாக இருத்திப் பேசவைத்தே கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். எமது கரம்பொனிலே 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரையும் நினைத்துப் பார்க்கலாம். நாடு நாடாகச் சென்று அறிஞர்களை நேரிற் கண்டு நட்புக் கொண்டாடியவர் அவர். 1964 இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதற்கு அந்த நட்புகளும் அடித்தளமாயின. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கு எடுத்துக்கொண்ட பொருள், சமூக வலைத்தளக் கூட்டங்களிலிருந்து மனித சமூகத்தை நோக்கிச் செல்வது பற்றியது. 2024 இல் அவர் செயற்கை நுண்ணறிவையே பொருளாக எடுத்தார்.

அப்படியானால் இயந்திரமே வேண்டாமா? அப்படியல்ல. 2018 இல் வந்த வட்ஸ்அப் வணிகச் செயலியில் பொருட்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம்; பணம் கட்டும் வங்கிக் கணக்கு விபரத்தை ஒவ்வொரு முறையும் எழுதாமல் சேமித்து வைத்து அனுப்பலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலில், “தோட்டத்தில் நிற்கிறேன், ஏழு மணிக்குப் பிறகு பேசுகிறேன்” என்று எழுதி வைக்கலாம். அது உண்மை, ஆகையால் தீங்கில்லை. ஆங்கிலத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கடிதம் எழுதச் செயற்கை நுண்ணறிவின் உதவியைப் பெறலாம், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு. ஆனால் மாமியின் கேள்விக்கு உங்கள் பெயரில் அது பதில் சொல்லக்கூடாது. தான் பேசியது உங்களோடு அல்ல என்று மாமிக்குத் தெரியவரும் நாள் ஒன்று உண்டு.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெயரில் விற்கும்போது தொலைபேசி யார் கையில் இருப்பது என்பதில் மனக்கசப்பு வருவது வழமை. கையில் வைத்திருப்பவருக்கே வாடிக்கையாளர் எல்லோரும் பழக்கமாகிவிடுகிறார்கள். அவர் பிரிந்துபோனால் வியாபாரமும் போய்விடுகிறது. மாதத்துக்கு ஒருவராக முறை வைப்பது ஒரு வழி. அப்போது ஒரு கொப்பி கட்டாயம் வேண்டும். இடது பக்கம் பெயர், ஊர், இலக்கம். வலது பக்கம் எப்போது என்ன வாங்கினார், என்ன குறை சொன்னார், வீட்டில் யாருக்கு என்ன சுகயீனம். முறை மாறும்போது தொலைபேசியோடு கொப்பியும் கைமாற வேண்டும், பழையவர் புதியவரை ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வாயால் அறிமுகப்படுத்தவும் வேண்டும். கொப்பியின் பிரதியொன்றை எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்திருக்கும் அந்தப் பைக்குள் போட்டு வையுங்கள். எந்தப் பை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.